அரசு வங்கிக் கணக்கில் ஆயிரம், ரெண்டாயிரம் போடுவதால் சிறு விவசாயக் குடும்பத்தில் என்ன மாறிவிடும்? சோம்பேறியாக்குவதுதானே மிச்சம்?

எங்கள் வீட்டில் மாறியது ஆடு விற்கிற நேரம்.

தர்மபுரி மாவட்டம் பென்னாகரம் பக்கம் ஒன்றரை ஏக்கர் மானாவாரிக் காடு. கேழ்வரகு, நடுவில் சால் விட்டு அவரை. மழை ஏமாற்றினால் கொள்ளு. விளைகிற கேழ்வரகு வீட்டுக் களிக்கே சரியாகிவிடும். காசு என்று கண்ணில் பார்ப்பது அவரை விற்கும்போதும் ஆடு விற்கும்போதும்தான். நான் ஓசூரில் வேலையில் இருக்கிறேன், வாடகை போக அனுப்புவது சொற்பம்.

வருகிற பணம் இரண்டு. அப்பாவுக்கு 2019 முதல் பிஎம் கிசான் என்கிற ஒன்றிய அரசின் விவசாயி உதவித்தொகை, ஆண்டுக்கு 6,000 ரூபாய், மூன்று தவணையாக. அம்மாவுக்கு 2023 செப்டம்பர் முதல் தமிழக அரசின் மகளிர் உரிமைத்தொகை, மாதம் 1,000.

அந்த ஆயிரம் வருவதற்கு முன்பு, காய்ச்சல், பள்ளிச் செலவு, குழுக்கடன் தவணை என்று எது வந்தாலும் பட்டியிலிருந்து ஒரு குட்டி போகும். வாசலுக்கே வருகிற வியாபாரி, நம் அவசரத்தை முகத்தில் பார்த்துவிட்டுத்தான் விலையே சொல்வார். மூன்று மாதக் குட்டியை மூவாயிரத்துக்குப் பிடித்துக்கொண்டு போவார். 2023 ஐப்பசியில் பிறந்த இரண்டு கிடாக்குட்டிகளை அம்மா விற்கவே இல்லை. தவணையை ஆயிரத்தில் கட்டிக்கொண்டு, அடுத்த ஆண்டு பக்ரீத்துக்கு முன்னால் சந்தைக்குக் கொண்டுபோனார். இரண்டும் சேர்ந்து பதினேழாயிரம். மாதம் ஆயிரத்தின் மதிப்பு ஆயிரம் மட்டுமில்லை என்று எனக்குப் புரிந்தது அன்றைக்குத்தான்.

சோம்பேறித்தனத்துக்கு வருகிறேன். ஆயிரம் ரூபாய்க்காக யார் காட்டைத் தரிசு போடுவார்கள்? அம்மா இன்றும் கூலிக்குப் போகிறார். ஆனால் முன்பெல்லாம் எங்கள் கேழ்வரகில் களை மண்டிக் கிடக்கும், அவரோ அன்றைய கூலிக்காக அடுத்தவர் காட்டில் களை பறித்துக்கொண்டிருப்பார். இப்போது நம் காட்டை முடித்துவிட்டுத்தான் அடுத்த காடு. இதற்குப் பெயர் சோம்பேறித்தனம் என்றால் இருந்துவிட்டுப் போகட்டும்.

அப்பாவின் ரெண்டாயிரம் வேறு கதை. ஆடியில் டிராக்டர் உழவுக்குக் கையில் இருந்தால் உதவும். தவணை எந்தத் தேதியில் விழும் என்று சொல்ல முடியாததால் அப்பா கடன் சொல்லி உழுகிறார், வந்ததும் கொடுக்கிறார். டிஏபி உரம் மூட்டை 1,350. மற்றதைக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். தொடங்கிய ஆண்டில் கொடுத்த அதே 6,000தான் இன்றும். நடுவில் கேஒய்சி என்கிற அடையாளச் சரிபார்ப்பு செய்யப் போனால், மண்வெட்டி பிடித்துத் தேய்ந்த விரலில் ரேகை விழவில்லை. எண்ணெய் தடவி, துணியால் துடைத்து, பத்து விரலையும் வைத்துப் பார்த்தும் மிஷின் ஒப்புக்கொள்ளவில்லை. ஒரு தவணை நின்றேபோனது. பிறகு நான் லீவு போட்டுவிட்டுப் போய், செல்போனை ஆதாரில் இணைத்து, ஓடிபி வைத்து முடித்தேன்.

பணம் யார் கணக்கில் விழுகிறது என்பதும் முக்கியம். அப்பாவின் பணம் காட்டைத் தாண்டி வீட்டுக்குள் வந்ததில்லை, சில நாள் டீக்கடையைத் தாண்டியும் வந்ததில்லை. அம்மா பாஸ்புக்கை அரிசி டிரம்முக்குள் வைத்திருக்கிறார். மெசேஜ் வந்தால் படிக்கத் தெரியாது. பக்கத்து வீட்டுப் பையனிடம் நீட்டி, "ஆயிரமா பாருடா சாமி" என்பார்.

இதில் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. பிஎம் கிசான் நிலம் யார் பெயரில் இருக்கிறது என்றுதான் பார்க்கும், யார் உழுகிறார்கள் என்று பார்க்காது. என் சித்தப்பா ஏழு வருடமாகக் குத்தகைக்கு உழுகிறார். நிலம் பெங்களூரில் குடியேறிவிட்ட ஒருவருடையது, தவணையும் அவர் கணக்குக்கே போகிறது. விதை, உழவு, மழை பொய்த்த நஷ்டம் எல்லாம் சித்தப்பா தலையில். சித்திக்கு வரும் ஆயிரம்தான் அந்த வீட்டுக்கு எல்லாமே. அவர்கள் இன்னமும் குட்டியை மூன்றாம் மாதத்திலேயே விற்கிறார்கள்.