கான்ஸ்டான்டினோபிளின் தேர்ப்பந்தய அரங்கம் பிற்காலத்தில் என்னவானது?

இஸ்தான்புல்லில் இன்று சுல்தான் அகமது சதுக்கம் எனப்படும் இடமே அந்த அரங்கம். பைசாந்தியக் (கிழக்கு ரோமப் பேரரசின்) காலத்தில் நீலம், பச்சை அணிகளின் தேர்கள் இங்கே ஓடின. பேரரசரின் முகத்துக்கு நேரே மக்கள் தம் குறைகளைக் கூவிச் சொல்ல முடிந்த இடமும் இதுவே என்பதால், இதை வெறும் விளையாட்டுத் திடலாகக் கருதுவது பிழை. பேரரசர் ஜஸ்டினியனுக்கு எதிராக 532-இல் மூண்ட நிக்கா கலகம் இங்கேதான் படுகொலையில் முடிந்தது. மாண்டவர்கள் 30,000-க்கும் மேல் என்பது அக்கால வரலாற்றாசிரியர் புரோகோப்பியசின் கணக்கு. 1204-இல் சிலுவைப் போர்வீரர்கள் நகரைச் சூறையாட, அரங்கின் வெண்கலக் குதிரைகள் வெனிஸுக்குப் போயின. பின்னர் நகரைக் கைப்பற்றிய உதுமானியத் துருக்கியர் இதனைக் 'குதிரைத் திடல்' என்றழைத்து, 1582-இல் இளவரசரின் சுன்னத்து விழாவை வாரக்கணக்கில் இங்கே கொண்டாடினர். இருக்கைக் கற்களோ பிற கட்டடங்களுக்குப் பெயர்த்தெடுக்கப்பட்டன. 390-இல் நாட்டிய எகிப்தியக் கல்தூணின் பீடம் இப்போது குழிக்குள் நிற்கிறது. பழைய ஓடுதளம் அந்த ஆழத்தில்தான் புதைந்து கிடக்கிறது.