இலங்கையில் மூன்று நாள்தான் கையில் இருக்கிறது. காடும் வேண்டும், பழைய கோயிலும் வேண்டும். எங்கே போகலாம்?

கண்டி, எல்ல, காலி என்று தீவையே சுற்றிவிட நினைக்காதீர்கள், பாதி நேரம் வண்டியிலேயே போய்விடும். ஹபரணையில் அறை எடுத்துக்கொண்டு பக்கத்திலுள்ள மின்னேரியா காட்டையும் பொலன்னறுவைப் பழைய நகரத்தையும் மட்டும் பாருங்கள். ஒரு செப்டம்பரில் நான் அப்படித்தான் போனேன்.

மின்னேரியாவை வெறும் காடு என்றுதான் நினைத்திருந்தேன். அதன் உயிரே ஓர் ஏரி! மூன்றாம் நூற்றாண்டில் மகாசேன மன்னன் வயலுக்காகக் கட்டியது. ஆகஸ்ட், செப்டம்பரில் சுற்றுவட்டாரமே காய்ந்து கிடக்கும்போது, இங்கே தண்ணீர் வற்ற வற்றக் கரையில் இளம்புல் தலைகாட்டும். அதைத் தேடித்தான் யானைகள் நூற்றுக்கணக்கில் கூடுகின்றன. காடு எது, தொன்மை எது என்று அங்கே பிரிக்கவே முடியாது.

ஒன்று மட்டும் கவனம். இப்போதெல்லாம் மொறகஹகந்த அணையிலிருந்து வரும் தண்ணீரால் கோடையிலும் ஏரி நிரம்பிப் புல்வெளி மூழ்கிவிடுவதுண்டு. யானைகள் பக்கத்துக் காடுகளான கவுடுல்லைக்கோ ஹுருலு பக்கமோ போய்விடும். டிக்கெட் எடுக்கும் முன்பே, "இன்று யானை எங்கே நிற்கிறது?" என்று நாலு ஜீப்காரர்களிடம் கேளுங்கள். நான் கேட்கவில்லை. முதல் நாள் கண்ணில் பட்டது இரண்டு மயில்.

பொலன்னறுவையில் கல் விகாரையை எல்லோரும் சொல்வார்கள். ஒரே பாறையில் நான்கு சிலைகள், சயனக் கோலப் புத்தர் மட்டும் சுமார் 14 மீட்டர். சரி, அற்புதம்தான். ஆனால் நான் அதிக நேரம் நின்றது 'இரண்டாம் சிவ தேவாலயம்' என்று குறிக்கப்படும் இடத்தில். சோழர்கள் 11ஆம் நூற்றாண்டில் எழுப்பிய வானவன் மாதேவி ஈச்சரம் அது. செங்கல் இடிபாடுகள் நிறைந்த ஊரில் இது முழுக்கக் கல். சின்னக் கோயில்தான், தஞ்சாவூர்ப் பக்கம் ஏதோ ஒரு கிராமத்தில் நிற்பது போலவே இருந்தது. சுவரில் தமிழ் எழுத்து வேறு. அட்டதாகே என்ற பழைய கட்டடத்தின் அருகிலுள்ள வேளைக்காரர் கல்வெட்டையும் விட்டுவிடாதீர்கள். புத்தரின் புனிதப் பல் இருந்த கோயிலைக் காப்போம் என்று வேளைக்காரர் என்ற படை தமிழில் பொறித்து வைத்த உறுதிமொழி அது.

இடிபாடுகளைக் காலையிலேயே வாடகை சைக்கிளில் முடித்துவிடுங்கள். வழிபாட்டு இடங்களில் செருப்பைக் கழற்ற வேண்டும், மதிய மணலில் கால் வெந்துவிடும். சாக்ஸ் எடுத்துப் போங்கள். புத்தருக்கு முதுகு காட்டி செல்ஃபி எடுக்காதீர்கள், அங்கே அது பெரிய அவமரியாதை.

மூன்றாம் நாளுக்குச் சிகிரியா பாறைக்கோட்டை பக்கத்திலேயே இருக்கிறது. நான் ஏறவில்லை. மயிலோடு திரும்ப மனசில்லாமல் கவுடுல்லைக்குப் போனேன். நாற்பது வரை எண்ணினேன், அப்புறம் விட்டுவிட்டேன்.