ஹரியட் என்ற பெயர்

கேள்வி: ஊருக்கு வந்து திரும்பும்போதெல்லாம் வாஷிங்டனில் டல்லெஸ் விமான நிலையத்தில்தான் இறங்குகிறேன். அந்த டல்லெஸின் கொள்ளுப்பாட்டி யாழ்ப்பாணத்தில் வாழ்ந்தவர் என்கிறார், உடுவில் மகளிர் கல்லூரியில் படித்த என் அத்தை. நம்பலாமா?
(வாசகி, வர்ஜீனியா)

பதில்: தாராளமாக நம்பலாம். அத்தை சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்.

விமான நிலையத்துக்குப் பெயர் தந்த ஜான் ஃபாஸ்டர் டல்லெஸ், 1953 முதல் 1959 வரை அமெரிக்க வெளியுறவு அமைச்சர். அவருடைய அப்பா ஆலன் மேசி டல்லெஸ், நியூயார்க் மாநிலத்தில் வாட்டர்டவுன் என்ற ஊரில் பாதிரியார். அந்த ஆலனைப் பெற்ற தாய் ஹரியட், யாழ்ப்பாணத்தில் 1829இல் பிறந்தவர். அவரைப் பெற்றவர் பெயரும் ஹரியட்தான். 1824இல் உடுவிலில் பெண் பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளி தொடங்கிய ஹரியட் வின்ஸ்லோ அவர். உங்கள் அத்தை படித்த கல்லூரி அதுவே.

சின்ன ஹரியட்டுக்கு மூன்று வயதுதான் ஆகியிருந்தது, அம்மா இறந்தபோது. அப்பா பிள்ளைகளை அமெரிக்காவுக்கு அழைத்துப் போனார். அந்தப் பெண் வளர்ந்து, பிலடெல்பியாவைச் சேர்ந்த ஜான் வெல்ஷ் டல்லெஸை மணந்து, மிஷனரி மனைவியாக மறுபடி நம் பக்கமே, சென்னைக்கு, வந்து சேர்ந்தார். கணவரின் உடல்நிலை சரியில்லாமல் 1853இல் திரும்பிப் போனார்கள். மறு வருஷம் ஆலன் மேசி பிறந்தார்.

இந்தக் குடும்பத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் ஃபாஸ்டரையும், உளவுத்துறைத் தலைவராக இருந்த தம்பி ஆலனையும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கு இவர்களுடைய தங்கை எலினோர் டல்லெஸைத்தான் பிடிக்கும். பொருளாதாரம் படித்தவர். போருக்குப் பிறகு இடிந்து கிடந்த பெர்லினைத் தூக்கி நிறுத்துவதில் வருஷக்கணக்கில் உழைத்தார். நூறு வயதைத் தாண்டி 1996இல் காலமானார். அவரிடம்தான் கொள்ளுப்பாட்டியின் பிடிவாதத்தைப் பார்க்கிறேன்.

ஒரு திருத்தமும் சொல்லிவிடுகிறேன். இதே வீட்டில் இன்னும் இரண்டு வெளியுறவு அமைச்சர்கள் உண்டு: தாத்தா ஜான் ஃபாஸ்டர், சித்தப்பா முறையான ராபர்ட் லான்சிங். இருவரும் டல்லெஸின் தாய்வழிச் சொந்தம். உடுவில் ஹரியட்டுக்கும் அவர்களுக்கும் ரத்த உறவு கிடையாது.

கேள்வி: ஹரியட் வின்ஸ்லோ பிறந்த குடும்பம் எப்படிப்பட்டது? வசதியில்லாத வீட்டுப் பெண்கள்தான் மிஷனரிகளாக வந்தார்கள் என்று படித்திருக்கிறேன்.
(வாசகர், மதுரை)

பதில்: இவர் விஷயத்தில் அது பொருந்தாது. 1796 ஏப்ரலில் கனெக்டிகட் மாநிலத்தின் நார்விச் ஊரில், ஊரே மதித்த குடும்பத்தில் பிறந்தவர். பிறந்தபோது ஹரியட் வாட்ஸ்வர்த் லேத்ராப். அப்பா சார்லஸ் லேத்ராப், அம்மா ஜோவன்னா லெஃபிங்வெல்.

லேத்ராப் வம்சத்தின் மூலவர் ஜான் லாத்ராப். இங்கிலாந்தில் கென்ட் பகுதியில் ஆங்கிலத் திருச்சபைப் பாதிரியாராக இருந்தவர். மனசாட்சி ஒப்பவில்லை என்று பதவியைத் துறந்துவிட்டு, லண்டனில் தடைசெய்யப்பட்ட ஒரு சபையை ஒளிவுமறைவாக நடத்தினார். 1632இல் பிடிபட்டுச் சிறைக்குப் போனார். உள்ளே இருந்தபோதே மனைவி இறந்துபோனார், பிள்ளைகள் நிராதரவானார்கள். நாட்டை விட்டுப் போய்விட வேண்டும் என்ற நிபந்தனையில் விட்டார்கள். 1634இல் ‘கிரிஃபின்’ என்ற கப்பலில் பிள்ளைகளோடு பாஸ்டன் வந்து இறங்கினார். பார்ன்ஸ்டபிள் ஊரில் அவர் கட்டிய வீடு இன்றும் நிற்கிறது. அங்கே இப்போது நூலகம் நடக்கிறது. இவர் வழியில் வந்தவர்களில் ஜனாதிபதி கிராண்ட்டும் உண்டு, புஷ்களும் உண்டு. கூட வந்த பிள்ளைகளில் சாமுவேல் என்பவர் வீடு கட்டும் தச்சர். பிறகு அவர் நார்விச்சில் குடியேறினார். ஹரியட் அந்தக் கிளை.

அம்மா வழியும் சாதாரணமில்லை. ஹரியட்டின் தாய்வழித் தாத்தா கிறிஸ்டோபர் லெஃபிங்வெல், 1766இல் கனெக்டிகட்டின் முதல் காகித ஆலையை நார்விச்சில் தொடங்கியவர். சாக்லேட் அரைக்கும் ஆலையும் வைத்திருந்தார். சுதந்திரப் போரில் வாஷிங்டனின் படைக்குப் பொருள் அனுப்பினார். லெஃபிங்வெல் வீட்டை இன்று அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள்.

அந்தக் காகித ஆலை எனக்கு அடிக்கடி நினைவுக்கு வரும். காரணம் உண்டு. காகிதம் செய்தவரின் பேத்தியை மணந்தவர் மைரன் வின்ஸ்லோ. ஆமாம், 1862இல் சென்னையில் அச்சான தமிழ்–ஆங்கில அகராதியின் வின்ஸ்லோதான். அறுபத்தேழாயிரத்துக்கும் மேற்பட்ட சொற்கள். அதன் மறுபதிப்பு ஒன்று முப்பது வருஷமாக என் மேசையில் கிடக்கிறது. முதுகு விட்டுப்போய் இரண்டு முறை ஒட்டியாயிற்று. ‘ப’ வரிசைப் பக்கங்கள் மட்டும் தனியாகக் கையோடு வந்துவிடும். அகராதி வெளிவந்தபோது ஹரியட் இறந்து 29 வருஷம் ஆகியிருந்தது.

கேள்வி: அவருடைய சகோதரிகளும் இலங்கைக்கு வந்தார்களாமே?
(வாசகர், டொராண்டோ)

பதில்: மூன்று பேர் வந்தார்கள். ஆனால் ஒருவர்கூட அக்காவைப் பார்க்கவில்லை.

1819 ஜூன் 8ஆம் தேதி, கல்யாணமாகி ஐந்து மாதத்தில், ஹரியட் பாஸ்டனில் ‘இண்டஸ்’ கப்பல் ஏறினார். கூட இன்னும் மூன்று தம்பதியர்: ஸ்பால்டிங், உட்வர்ட், ஸ்கடர். (அந்த ஜான் ஸ்கடரின் பேத்திதான் வேலூர் மருத்துவமனையைத் தொடங்கிய ஐடா ஸ்கடர்.) இவர்கள் 1820இல் யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்த கையோடு, இனிமேல் அமெரிக்க மிஷனரிகள் யாரும் வரக்கூடாது என்று பிரிட்டிஷ் ஆளுநர் பார்ன்ஸ் தடை போட்டுவிட்டார். பின்னாலேயே வந்த அச்சுக்காரரைக்கூடத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்த முடக்கம் 1833 வரை நீடித்தது. வந்த சில குடும்பங்களே பள்ளி, மருத்துவம், ஊழியம் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டார்கள்.

ஹரியட்டின் முதல் பிள்ளை சார்லஸ், 1821இல் உடுவிலில் பிறந்தவன். பிள்ளைகளைப் படிக்க அமெரிக்காவுக்கு அனுப்பிவிடுவது மிஷனரி வீடுகளின் வழக்கம். அவனையும் பத்து வயதில் கப்பலேற்றினார்கள். 1832 மே மாதம் நியூயார்க்கில் இறந்துபோனான், பதினொரு வயதில். கடிதம் வந்து சேரப் பல மாதம் ஆகும் காலம். பையன் மண்ணுக்குள் போனது தெரியாமல் இங்கே அம்மா அவனுக்காக ஜெபம் செய்துகொண்டிருந்திருப்பார். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கொஞ்ச நேரம் வேறு வேலை ஓடாது. செய்தி வந்து சில மாதத்துக்குள், 1833 ஜனவரியில், ஹரியட்டும் இறந்தார். வயது 36.

தடை விலகியபின் அதே ஆண்டு அக்டோபரில் வந்திறங்கிய குழுவில் தங்கை எலிசபெத் இருந்தார், ஹட்சிங்ஸ் என்பவரின் மனைவியாக. ஒன்பது மாதம் தாமதம். பிறகு வந்த இன்னொரு தங்கையும் அவருடைய கணவர் பெரியும் 1837 காலராவில் ஒருவர் பின் ஒருவராக இறந்தார்கள். மூன்றாவது தங்கை சார்லட்டும் அதே ஆண்டில் போய்ச் சேர்ந்தார். நார்விச்சில் இருந்த குடும்பத்தை எண்ணிப் பாருங்கள்.

கேள்வி: எங்கள் பாட்டியின் பாட்டி உடுவிலில் படித்தவர். திருமணப் பதிவேட்டில் அவர் பெயர் ‘ஹரியட்’ என்று இருக்கிறது, பின்னால் ஒரு அமெரிக்கக் குடும்பப் பெயரும். எங்களுக்கு அமெரிக்க ரத்தம் இருக்கிறதா?
(வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: இல்லை அம்மா. பெயர் மட்டும்தான் கடல் தாண்டி வந்தது.

அமெரிக்காவில் ஒரு குடும்பமோ, தேவாலயமோ, பெண்கள் சங்கமோ வருஷா வருஷம் பணம் அனுப்பி ஒரு பிள்ளையின் படிப்பை ஏற்றுக்கொள்ளும். அந்தப் பிள்ளைக்கு அவர்கள் சொல்லும் பெயரை வைப்பார்கள். இறந்துபோன மகளின் பெயராக இருக்கலாம், பிடித்த போதகரின் பெயராகவும் இருக்கலாம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் இருவரில் ஒருவரான விசுவநாதபிள்ளைக்குக் ‘கரோல்’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது இந்த வழியில்தான். அவரோ நூற்றுக்கு நூறு யாழ்ப்பாணத்துக்காரர்.

உங்கள் பாட்டியின் பாட்டிக்குக் கணவராக வந்தவரும் வட்டுக்கோட்டை செமினரியில் படித்தவராக இருக்க வாய்ப்புண்டு. உடுவில் பெண்களுக்கு மிஷனே ஒரு சிறு சீதனம் கொடுத்து, பெரும்பாலும் அங்கே படித்த பையன்களுக்குத்தான் கட்டிவைத்தது. அதனால் பதிவேட்டில் மாப்பிள்ளை பெயரும் அமெரிக்கப் பெயராக இருந்தால் திகைக்காதீர்கள். அதற்குப் பக்கத்திலோ அடியிலோ தகப்பன் பெயர் தமிழில் இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் வம்சத்தைப் பிடிக்க வேண்டிய நூல் அதுதான்.

அந்த ஹரியட்டுக்குப் பணம் அனுப்பியவர்கள் யார் என்று தேடவும் வழி இருக்கிறது. பாஸ்டனில் வெளிவந்த ‘மிஷனரி ஹெரால்ட்’ இதழ் நன்கொடைப் பட்டியல் போடும். இலங்கையில் இன்ன பெயருள்ள பிள்ளைக்கு இன்ன ஊரிலிருந்து இவ்வளவு என்று வரிவரியாக இருக்கும். பழைய தொகுதிகள் இணையத்தில் படிக்கக் கிடைக்கின்றன. மிஷனின் கையெழுத்துக் கடிதங்கள் ஹார்வர்டின் ஹௌட்டன் நூலகத்தில் இருக்கின்றன. பதிவேட்டில் உள்ள முழுப்பெயரை ஆங்கில எழுத்துக்கூட்டலோடு அனுப்புங்கள், 1824 முதல் உள்ள தொகுதிகளை நானும் உட்கார்ந்து பார்க்கிறேன்.