நேற்று நடந்ததுபோல் இருக்கிறதா?

கேள்வி: எந்தத் தேதியைச் சொன்னாலும் அன்று என்ன கிழமை, யார் வந்தார்கள், என்ன பேசினார்கள் என்று என் மனைவி சொல்லிவிடுகிறார். இது ஏதாவது நோயா?

பதில்: நோய் இல்லை. இந்த அபூர்வத் திறனை 2006-இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வின் வளாக ஆய்வாளர்கள் முதன்முதலாக விரிவாகப் பதிவு செய்தார்கள். அவர்கள் ஆராய்ந்தது ஜில் பிரைஸ் என்ற பெண்மணியை. முன்னறிவிப்பே இல்லாமல், ஆண்டுக்கு ஆண்டு மாறும் ஈஸ்டர் தேதிகளை 24 ஆண்டுகளுக்கு எழுதச் சொன்னார்கள். பத்து நிமிடத்தில் எழுதிவிட்டார். ஒன்றே ஒன்று இரண்டு நாள் தள்ளிப்போனது. இத்தனைக்கும் அவர் ஈஸ்டர் கொண்டாடாத யூதர்! ஆனால் இந்த அளவுக்கு நினைவுள்ளவர்கள் உலகிலேயே மிகக் குறைவு. உங்கள் மனைவிக்கு வெறுமனே கூர்மையான ஞாபகமாகவும் இருக்கலாம்.

வீட்டிலேயே பார்த்துவிடலாம். அவருக்குப் பன்னிரண்டு வயது ஆன பிறகு வந்த நாட்களில் பத்துத் தேதிகளை வேறொருவர் தேர்ந்தெடுக்கட்டும். பிறந்தநாள், பண்டிகை, திருமண நாள் வேண்டாம். பழைய நாட்குறிப்பு, புகைப்படம், ரசீது என்று சரிபார்க்க ஆதாரம் உள்ள நாட்களாக இருக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் மூன்று கேள்விகள்: என்ன கிழமை, தனக்கு என்ன நடந்தது, அதை ஒட்டி ஊருலகில் நடந்த செய்தி என்ன. பெரும்பாலும் தவறு நேர்வது மதிப்பெண் போடும்போதுதான். “திங்கட்கிழமை என்றால் அலுவலகம் போயிருப்பேன்” என்பது நினைவல்ல, ஊகம். கிழமையைக் கணக்குப் போட்டுச் சொல்பவர்களும் உண்டு என்பதால் அதற்குத் தனி மதிப்பு தராதீர்கள். ஒரு மாதம் கழித்து, சொல்லாமல், அதே தேதிகளைக் கேளுங்கள். இரண்டு முறையும் சொன்னது ஒத்துப்போக வேண்டும்.

கேள்வி: அப்படிப்பட்டவர்கள் பரீட்சையில் வெளுத்து வாங்குவார்களா?

பதில்: அப்படிச் சொல்ல முடியாது. சொந்த வாழ்க்கை பதிவாவது ஒரு விதம், பாடம் மனப்பாடமாவது வேறு விதம். ஜில் பிரைஸே மனப்பாடத்தில் திணறியவர்தான்.

கேள்வி: கணவருடன் சண்டை வரும்போதெல்லாம், “நீங்கள் சொன்ன வார்த்தை அப்படியே காதில் ஒலிக்கிறது” என்பேன். அவர் மறுக்கிறார். தெளிவாக நினைவிருப்பது பொய்யாகுமா?

பதில்: ஆகும். தெளிவு வேறு, துல்லியம் வேறு. 1986-இல் சேலஞ்சர் விண்கலம் வெடித்த மறுநாள், செய்தியை எங்கே எப்படிக் கேட்டார்கள் என்று மாணவர்களிடம் எழுதி வாங்கி வைத்தார் உளவியலாளர் உல்ரிக் நைசர். ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகள் கழித்து 44 பேரிடம் மறுபடி கேட்டபோது, நால்வரில் ஒருவர் எல்லா விவரத்தையும் தவறாகச் சொன்னார். தவறாகச் சொன்னவர்களிலும் பலர் நம்பிக்கையோடுதான் சொன்னார்கள்!

அபூர்வ நினைவு உள்ளவர்களும் இதற்கு விலக்கல்ல. 2013-இல் அப்படிப்பட்ட 20 பேரைச் சோதித்தார்கள். படுக்கை, ஓய்வு, கனவு, கொட்டாவி என்பதுபோல் ஒரு பட்டியலைக் காட்டிவிட்டு, அதில் இல்லாத ‘தூக்கம்’ இருந்ததா என்று கேட்கும் வகைச் சோதனை. மற்றவர்களைப் போலவே இவர்களும் ஏமாந்தார்கள். நடந்ததன் சாரம் உங்கள் பக்கம் சரியாக இருக்கலாம்; சொல்லுக்குச் சொல் அதுதான் என்று சாதிக்காதீர்கள். பணம், வாக்குறுதி போன்றவற்றை அன்றே இருவரும் பார்க்கும்படி எழுதி வையுங்கள்.

கேள்வி: பல வருடங்களுக்கு முன் பட்ட அவமானம் படம்போல் திரும்பத் திரும்ப வருகிறது. முகம் கூடச் சூடாகிறது. எப்படி மறப்பது?

பதில்: மறக்க முயல்வதுதான் முதல் தவறு. வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள் என்று 1987-இல் உளவியலாளர் டேனியல் வெக்னர் சிலரிடம் சொல்லிப் பார்த்தார். கரடி வந்துகொண்டே இருந்தது. தடையை நீக்கியதும் இன்னும் அதிகமாக வந்தது. ரஷ்ய உளவியலாளர் லூரியா ஆராய்ந்த, அபார நினைவாற்றல் கொண்ட ஷெரெஷெவ்ஸ்கி, மறக்க வேண்டியதைத் தாளில் எழுதி எரித்தும் பார்த்தார். கரிந்த தாளிலும் எண்கள் தெரிந்தனவாம்.

நினைவை அழிக்க முடியாது, அதன் கூர்மையை மழுக்கலாம். நினைவு வரும் நேரத்தை நீங்களே குறியுங்கள்: தினமும் 15 நிமிடம், படுக்கப்போகும் நேரமாக இருக்கக் கூடாது. மற்ற வேளையில் வந்தால் ஒரு சொல்லில் குறித்துவிட்டு அந்த நேரத்துக்குத் தள்ளுங்கள். அப்போது எழுதும்போது, “நான்” என்று எழுதாமல் உங்கள் பெயரைப் போட்டு, அறையின் மூலையில் நின்று பார்ப்பவர்போல் எழுதுங்கள். முகச்சூடு குறைவது தெரியும்.

நினைவு காட்சியாகவே வந்தால் இன்னொரு வழி டெட்ரிஸ், அதாவது மேலிருந்து விழும் கட்டங்களைத் திருப்பிப் பொருத்தும் கணினி விளையாட்டு. 2015-இல் ஓர் ஆய்வில், முந்தைய நாள் கொடூரமான படக்காட்சிகளைப் பார்த்தவர்களுக்கு அவற்றை நினைவூட்டி, 10 நிமிடம் விட்டு, 12 நிமிடம் டெட்ரிஸ் ஆட வைத்தார்கள். அடுத்த வாரத்தில் காட்சிகள் தாமாக மனத்தில் வருவது குறைந்தது. வெறுமனே ஆடினாலோ, வெறுமனே நினைத்தாலோ பலனில்லை. கிளறப்பட்ட நினைவு மறுபடி இறுகுவதற்குள், காட்சிகளைக் கையாளும் மனத்தின் இடத்தை வேறு வேலை அடைத்துக்கொள்ள வேண்டும். அதனால் பேச்சு கேட்பது உதவாது. கண்ணும் மனக்கண்ணும் சேர்ந்து உழைக்கும் வேலை வேண்டும். பல ஆண்டு பழைய நினைவில் இதே அளவு பலனை எதிர்பார்க்க வேண்டாம்.

விபத்து, வன்முறை போன்ற நினைவு என்றால் தனியாகக் கிளறாதீர்கள். ஒரு மாதத்துக்கு மேல் கெட்ட கனவு, திடுக்கிடல், அந்த இடத்தையே தவிர்ப்பது எல்லாம் இருந்தால் மனநல மருத்துவரிடம் போங்கள். நினைவை மனத்தில் வைத்துக்கொண்டே கண்ணை இடவலமாக அசைக்கச் செய்யும் சிகிச்சையை 2013-இல் உலக சுகாதார நிறுவனமும் பரிந்துரைத்தது.

கேள்வி: சாதாரண ஞாபகம் உள்ளவர் பயிற்சியால் வளர்த்துக்கொள்ள முடியுமா?

பதில்: பட்டியல்களுக்கு முடியும். தெரிந்த வீட்டை மனத்தில் சுற்றி, இடத்துக்கு ஒன்றாகப் பொருட்களை வைக்கும் முறை. 2017-இல் வெளியான ஆய்வில் தினமும் 30 நிமிடம், 40 நாள் பயின்றவர்கள் 72 சொற்களில் சராசரி 26-லிருந்து 62-க்கு வந்தார்கள். பொருளை வெளிச்சத்தில், பெரிதாக வையுங்கள்: வெள்ளைச் சுவர் முன் வைத்த முட்டையை ஷெரெஷெவ்ஸ்கியே தவறவிட்டிருக்கிறார். அன்றைக்கே இரண்டாவது பட்டியலுக்கு அதே வீட்டைப் பயன்படுத்தினால் பழையதும் புதியதும் குழம்பும். வேறு வீடு எடுங்கள். சாவி வைத்த இடம் மறப்பதற்கு இது மருந்தல்ல.

கேள்வி: என் ஏழு வயது மகன் ஒரு படத்தைப் பார்த்துவிட்டு, மூடிய பிறகும் அது எதிரே இருப்பதுபோலப் பார்த்துப் பார்த்துச் சொல்கிறான். கேமரா ஞாபகமா?

பதில்: சிறு பிள்ளைகளில் சிலருக்கு இப்படி இருக்கும். அந்தப் பிம்பம் சில நிமிடங்களில் மங்கிவிடும், அதிலும் பிழைகள் இருக்கும். வளர வளர பெரும்பாலும் போய்விடும். வந்தவர்கள் முன் செய்து காட்டச் சொல்லாதீர்கள்.