பழைய போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள் வாங்கலாமா? சுங்கை சிப்புட்டிலிருந்து பதில்கள்

பகாவ் தம்பி (இப்போது குவீன்ஸ்லாந்து மாட்டுப் பண்ணையில்): அண்ணே, என்னிடம் .223 இருக்கிறது. பழைய ரெமிங்டன் 700, .308, விலைக்கு வருகிறது. மாறலாமா?

பன்றிக்காக என்றால் மாறலாம், தம்பி. .223, .308 என்பவை தோட்டா வகைகள். .223இன் குண்டு பெரும்பாலும் 55 கிரெய்ன் (குண்டு எடையின் அளவு); .308இல் 150 முதல் 180 வரை. பெரிய ஆண் பன்றியின் தோள் கெட்டி. அரைகுறையாக அடிபட்டுப் புதருக்குள் போனது எப்படிச் சாகும் என்று நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பாவம் வேண்டாம்.

காசை எடுக்குமுன் சேம்பர் (தோட்டா உட்காரும் அறை) காலிதானா என்று கண்ணாலும் விரலாலும் பார். போல்ட்டை, அதாவது தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் கம்பியை, கழற்றிப் பின்பக்கமிருந்து குழலுக்குள் வெளிச்சம் விட்டுப் பார். சொரசொரப்போ துருக்குழியோ இருந்தால் விட்டுவிடு. குழல் வாயில் ஒரு சின்ன நசுங்கல் இருந்தாலும் குறி சிதறும். காலித் துப்பாக்கியில் சேஃப்டி போட்டு விசையை இழு, விடு, பிறகு சேஃப்டியை எடு. அப்போது 'டிக்' என்று விழுந்தால் தொடாதே. 2006 மே முதல் 2014 ஏப்ரல் வரை செய்த எக்ஸ்-மார்க் புரோ என்ற விசைகளை ரெமிங்டனே 2014இல் திரும்பக் கேட்டது. உன்னுடையது அதில் சேர்ந்ததா, சரிசெய்ததா என்று விற்பவரைக் கேள். ஹெட்ஸ்பேஸை (பூட்டிய போல்ட்டின் முகத்துக்கும் சேம்பரில் தோட்டா முட்டி நிற்கும் இடத்துக்கும் உள்ள இடைவெளி) துப்பாக்கி பழுதுபார்க்கும் கன்ஸ்மித் அளக்கட்டும். வெளியே பளபளப்பாக இருப்பதைப் பார்த்து மயங்காதே.

அப்புறம், பன்றிக்குப் பின்னால் மண்மேடு இருக்கிறதா? .308 குண்டு மூன்று கிலோமீட்டரையும் தாண்டும்.

தாப்பா, சிறுதோட்டக்காரர்: இளஞ்செம்பனைக் குருத்தைப் பன்றி தின்கிறது. ஷாட்கனை விட்டு ரைஃபிளுக்குப் போகலாமா?

வேண்டாம். நம் நிலம் தட்டை, வரிசைக்கு வரிசை குலை வெட்டும் ஆள். பன்றிக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று எப்படித் தெரியும்? முப்பது மீட்டருக்குள் பன்னிரண்டு போர் ஷாட்கன் போதும். லைசென்ஸுக்கு மாவட்டப் போலீஸ், வேட்டை உரிமத்துக்கு பெர்ஹிலித்தான் (வனவிலங்குத் துறை).

ஒருவர்: .308 நல்லதா, .30-06 நல்லதா?

1906இல் வந்தது .30-06; அதன் குட்டைத் தம்பி .308, 1952இல் வந்தது. இரண்டுக்கும் ஒரே விட்டக் குண்டு. தோட்டா எது சுலபமாகக் கிடைக்கிறதோ அது.

ஓய்வுபெற்ற ராணுவ ஐயா: எங்கப்பா மலாயா அவசரகாலத்தில் தோட்டத்து ஸ்பெஷல் கான்ஸ்டபிள். .303 லீ என்ஃபீல்டை மிஞ்ச எது இருக்கிறது?

ஐயா, 1948 ஜூன் 16இல் இந்த ஊர்ப் பக்கத்தில்தான் துரைமார் மூவர் சுடப்பட்டு அவசரகாலம் தொடங்கியது. அந்தத் துப்பாக்கியை நானும் மதிக்கிறேன். ஆனால் வேட்டைக்கு மௌசர் வழிதான் என் கட்சி. மௌசரின் போல்ட் முன்னால், சேம்பர் பக்கம் பூட்டுகிறது. லீ என்ஃபீல்டு பின்னால். பின்பூட்டில் போல்ட் கொஞ்சம் அமுங்கி, தோட்டாக்கூடு நீளும்.

அதே ஐயா: பத்துத் தோட்டா, மின்னல் வேகப் போல்ட். மௌசருக்கு ஐந்துதானே!

அது சண்டைக்கு, ஐயா. பன்றிக்கு முதல் குண்டே முடிவாக வேண்டும். ஒன்று ஒத்துக்கொள்கிறேன்: லீ என்ஃபீல்டு நம்பர் 4 மாடலில் போல்ட் தலை 0 முதல் 3 வரை அளவுகளில் வரும், மாற்றினால் ஹெட்ஸ்பேஸ் சரியாகிவிடும். மௌசரில் அந்த வசதி கிடையாது. ஆனால் பழைய ராணுவத் தோட்டாவின் பிரைமரில் (அடியில் தீ மூட்டும் சிறு மூடி) துருப்பிடிக்க வைக்கும் உப்பு இருக்கும். சுட்ட அன்றே வெந்நீர் விட்டுக் கழுவாவிட்டால் குழல் போச்சு. இன்று கிடைக்கும் .303களில் பாதி அப்படித்தான் செத்தன என்பது என் கணிப்பு. அதை வாங்குபவர் வெளிச்சம் விட்டுப் பாருங்கள்.

இன்னொருவர்: .308ஆ, .30-06ஆ?

மேலே சொல்லிவிட்டேன். தயவுசெய்து படித்துவிட்டுக் கேளுங்கள்.

பெயர் சொல்லாதவர்: லைசென்ஸ் இல்லாமல் ஒன்று வருகிறது, மலிவு.

கை வைக்காதீர்கள். 1960 ஆயுதச் சட்டம் விளையாட்டல்ல. எங்கே என்று போலீஸில் சொல்லுங்கள். இதற்கு மேல் பேச மாட்டேன்.

பகாவ் தம்பியின் மனைவி: அண்ணே, வீட்டில் இரண்டு பிள்ளைகள். இவர் வாங்கத்தான் போகிறார்.

தங்கச்சி, ரைஃபிள் இரும்புப் பெட்டியில், தோட்டா வேறு பெட்டியில், போல்ட் தனியே. சாவி அலமாரி மேலே வேண்டாம், பிள்ளைகளுக்கு ஏறத் தெரியும். அவன் இடுப்பில் இருக்கட்டும். நான் சொன்னதாகச் சொல்.