கொலம்பியாவா, பிரவுனா?

தம்பி, அமெரிக்கா வந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது, மகளுக்குக் கொலம்பியா, பிரவுன் ஆகிய இரண்டு பல்கலைக்கழகங்களிலும் இடம் கிடைத்திருக்கிறது, ரேங்கிங்கைப் பார்த்து முடிவு செய்துவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். முதலில் அவளுக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள்.

ரேங்கிங்கை நம்ப வேண்டாம். கொலம்பியா கொடுத்த புள்ளிவிவரங்கள் சரியில்லை என்று 2022இல் அங்கேயே கணிதம் சொல்லித்தரும் பேராசிரியர் மைக்கேல் தாடியஸ் எடுத்துச் சொன்னார். யு.எஸ். நியூஸ் பத்திரிகையின் அந்த வருஷ ரேங்கிங் பட்டியலில் கொலம்பியா 2ஆம் இடத்திலிருந்து 18க்கு இறங்கியது. வகுப்பறையும் ஆசிரியர்களும் அதேதான்.

நிஜமான வித்தியாசம் பாடத்திட்டத்தில் இருக்கிறது. கொலம்பியா காலேஜில் 1919இல் தொடங்கிய 'கோர்' உண்டு. எந்தத் துறைக்குப் போனாலும் இலக்கியம், தத்துவம், இசை, ஓவியம் எல்லாம் சின்னச் சின்ன வகுப்புகளில் படித்தே ஆக வேண்டும். பிரவுன் 1969 முதல் இதற்கு நேர் எதிர். எழுத்துப் பயிற்சி தவிர, எல்லோருக்கும் பொதுவான கட்டாயப் பாடம் கிடையாது. 'டி' கிரேடே இல்லை, தோற்ற பாடம் டிரான்ஸ்கிரிப்டில், அதாவது மதிப்பெண் பட்டியலில், ஏறாது. பருவத் தொடக்கத்தில் பல வகுப்புகளில் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் பிடித்ததை எடுத்துக்கொள்ளலாம்.

என் மகனுக்கும் இதே இரண்டும் கிடைத்தன. எனக்குக் கொலம்பியாதான் ஆசை. பதினேழு வயதிலிருந்து கணக்கும் இயந்திரமும் தவிர வேறெதுவும் படிக்காதவன் நான். யாராவது கட்டாயப்படுத்தி நாலு நல்ல புத்தகம் படிக்க வைத்திருந்தால் என்ற ஏக்கம் இன்னும் இருக்கிறது. அங்கே ஒரு வகுப்பில் போய் உட்கார்ந்தோம். இருபது பேர் ஒரே பத்தியை அரை மணி நேரம் பிரித்து வாதாடினார்கள். நான் மூழ்கிப் போனேன். மகன் நோட்டின் ஓரத்தில் கட்டம் போட்டுக்கொண்டிருந்தான். மறுநாள் பிரவுனில் நிலவியல் வகுப்பு. ஆசிரியர் ஒரு கல்லைக் கைமாற்றிவிட்டார். இவன் கைக்கு வந்த கல் நகரவே இல்லை. பக்கத்துப் பெண் முழங்கையைத் தட்டிய பிறகுதான் கொடுத்தான். பிரவுனில்தான் சேர்ந்தான். இன்றும் என்னைக் கேட்டால் கொலம்பியா என்றுதான் சொல்வேன், ஆனால் அது எனக்கான பதில்.

உங்கள் மகளிடம் ஒரு தாளைக் கொடுத்து, முதல் வருஷம் என்னென்ன பாடம் எடுப்பாய் என்று எழுதச் சொல்லுங்கள். மளமளவென்று எழுதினால் பிரவுனின் சுதந்திரம் அவளுக்குச் சரிப்படும். பேனா நின்றுபோனால் கோர் நல்ல துணை.

அப்புறம், அவள் எச்-4இல், அதாவது உங்கள் வேலை விசாவைச் சார்ந்த குடும்ப விசாவில், இருந்தால் 21 வயதோடு அது முடிந்துவிடும், படிப்பின் நடுவிலேயே எஃப்-1 என்ற மாணவர் விசாவுக்கு மாற வேண்டிவரும். எச்-4இல் வளாகத்தில் சம்பள வேலையும் பார்க்க முடியாது. இரண்டு இடத்திலும் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் இப்போதே பேசுங்கள்.

பதில் சொல்ல மே 1 வரை நேரம் இருக்கிறது. கொலம்பியா இருக்கும் நியூயார்க்கிலிருந்து பிரவுன் இருக்கும் பிராவிடன்ஸ் ரயிலில் மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல். வெள்ளிக்கிழமை வேண்டாம், வகுப்பில் உட்கார்ந்து பார்க்க வாரத்தின் நடுவில் ஒரு நாள் கூட்டிப்போங்கள்.