வளரிளம் பருவமும் மஞ்சள் காமாலையும்

கேள்வி: என் மகளுக்கு 15 வயது. அவளுடைய வகுப்பில் இருவருக்கு மஞ்சள் காமாலை வந்திருக்கிறது. இந்த வயதில் கல்லீரலைத் தாக்கும் வைரஸ் தொற்று அவ்வளவு பரவலானதா?

பதில்: ஒரே வகுப்பில் இருவர் என்றால், அசுத்தமான நீர், உணவு வழியே பரவும் ஹெபடைடிஸ் ஏ வைரஸைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளிடம் பெரும்பாலும் அறிகுறியின்றிக் கடந்துவிடும் இத்தொற்று, வளரிளம் பருவத்தினரிடம் கண்ணின் வெண்பகுதி மஞ்சளாவது, சிறுநீர் கடுந்தேநீர் நிறத்தில் போவது என வெளிப்படையாகத் தெரிவதால், இந்த வயதில்தான் நோய் அதிகம் என்ற எண்ணம் எழுவதும் உண்டு. தொற்றியவரோடு நெருங்கிப் பழகியவர்களுக்கு இரண்டு வாரத்துக்குள் தடுப்பூசி போட்டால் நோயைத் தடுக்க வாய்ப்பிருக்கிறது என்பதால், மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடாதீர்கள்.

பி, சி வகைகளின் போக்கு வேறு. அவை ஓசையின்றி ஆண்டுக்கணக்கில் உடலில் தங்கிவிடக்கூடியவை. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, 2022-இல் நாள்பட்ட பி தொற்றுடன் 25.4 கோடிப் பேரும், சி தொற்றுடன் 5 கோடிப் பேரும் வாழ்ந்தனர். அவர்களில் 18 வயதுக்கு உட்பட்டோர் சுமார் 12 சதவீதம். பிறக்கும்போதே பி வைரஸ் தொற்றும் குழந்தைகளில் பத்தில் ஒன்பது பேருக்கு அது நாள்பட்டதாக மாறுவதால், வளரிளம் பருவத்தில் கண்டறியப்படும் தொற்று பல நேரங்களில் பழையதாகவே இருக்கும். மகளின் தடுப்பூசி அட்டையில் பி வகைக்கான தவணைகள் முழுமையாக உள்ளனவா என்பதையும் ஒருமுறை பாருங்கள்.